கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? மலை ஏறிப் பார்த்தால் தெரியும்

1/ போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "டாக்டர், உங்களுக்குக் கார் பைத்தியம்னு தெரியும். பழைய ஜென் ஒண்ணு வாங்கியிருக்கேன். கார்புரேட்டரையே ட்யூன் பண்ணி ஓட்டவா, இல்ல இன்ஜெக்‌ஷனுக்கு மாத்தவா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷமாக இங்கே எழுதியதில்லை. இழை நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

2/ முதலில் ஊர். செண்பகனூர். வத்தலக்குண்டிலிருந்து காட் ரோட்டில் ஏறி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை எல்லாம் தாண்டி, சில்வர் கேஸ்கேட் அருவிப் பக்கம் வந்தால் எங்கள் ஊர். கொடைக்கானல் டவுனுக்குச் சில கிலோமீட்டர் முன்னால். டூரிஸ்டுகளுக்கு 1895-இல் தொடங்கிய சேசு சபைக் கல்லூரியும், அதோடு சேர்ந்த மியூசியமும் தெரியும். எனக்கு இந்த ஊர் சத்தத்தில்தான் ஞாபகம் இருக்கிறது. ஏறி வரும் வண்டிகள் மூச்சு வாங்குகிற சத்தம்.

3/ சின்ன வயதில் ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி பார்ப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. ஏறி வருகிற அம்பாசிடர் திடீரென்று இருமும், திக்கும், நிற்கும். டிரைவர் பானெட்டைத் திறந்து, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றுவார். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஒரு பீடி முடியும் நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதை நான் முதலில் பார்த்தது ஒரு அம்பாசிடருக்குத்தான்.

4/ ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர் செட், ஒரு காது. அவ்வளவுதான் அவர் ஒர்க்‌ஷாப். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். காப்பிப் பொடி நிறம் என்றால் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, பிஸ்டன் வெந்து சாகப் போகிறது. பிற்காலத்தில் மெடிக்கல் காலேஜில் "நாக்கை நீட்டுங்க" என்று நோயாளியிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த பிளக்தான் ஞாபகம் வரும்.

5/ கார் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பெட்ரோல் எஞ்சின் எரியக் காற்றும் பெட்ரோலும் ஒரு கணக்கில் சேர வேண்டும். எடையில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். கார்புரேட்டர் இதை எப்படிச் செய்கிறது? காற்று போகும் வழியை நடுவில் ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில், ஜெட் என்கிற ஒரு சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே வரும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். அற்புதமான கண்டுபிடிப்பு. நான் இன்றும் அதற்கு ரசிகன்.

6/ ஆனால் அந்தத் துளையின் அளவு மாறாது. அங்கேதான் மலை வந்து வம்பு பண்ணும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். கடலோரத்தில் காற்றழுத்தம் 760 என்றால் இங்கே 590 பக்கம். காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைவு. "மலையில ஆக்சிஜன் கம்மி" என்று சொல்வோமே, உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் அதே 21 சதவீதம்தான். மொத்தக் காற்றே மெலிந்துவிட்டது. ஒரே அளவு குடம், உள்ளே சரக்கு குறைவு.

7/ காற்று 19 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 19 சதவீதம் குறைந்தால் பிரச்சினையே இல்லை. கார்புரேட்டரில் அப்படிக் குறையாது. அதன் இயற்பியல்படி பெட்ரோல் சுமார் 10 சதவீதம்தான் குறையும். ஆக, மலைக்கு மேலே வந்ததும் கலவையில் பெட்ரோல் சுமார் 11 சதவீதம் கூடிப்போகிறது. கீழே 14.7 என்று கச்சிதமாக வைத்த வண்டி இங்கே 13.2 பக்கம் ஓடும். யாரும் எந்த ஸ்க்ரூவையும் தொடவில்லை. மலை தொட்டுவிட்டது.

8/ சரி, மலைக்கு ஏற்ற மாதிரி சின்ன ஜெட் போட்டுவிடலாமே? போடலாம். எங்கள் அண்ணன் உள்ளூர் வண்டிகளுக்கு அப்படித்தான் போடுவார். அந்த வண்டி வத்தலக்குண்டு இறங்கி, மதுரை ரோட்டில் நாலாவது கியரில் மிதித்தால் கதை தலைகீழ். அடர்த்தியான காற்று, குறைவான பெட்ரோல், எஞ்சின் சூடேறித் தட்டும். ரொம்ப மிதித்தால் பிஸ்டனில் ஓட்டை. ஒரே ரோடு, ஒரே நாள், இரண்டு மணி நேரப் பயணம். இரண்டு முனைக்கும் சரியான ஒரு துளை கிடையாது.

9/ இப்போது நம் உடம்பைப் பாருங்கள். நீங்கள் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் கொடைக்கானலில் இறங்குகிறீர்கள். உங்கள் மூச்சை யாரும் ட்யூன் பண்ணவில்லை. ஆனாலும் மூச்சு தானாகக் கொஞ்சம் ஆழமாகிறது. கழுத்தில், மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு உறுப்பு இருக்கிறது. கரோட்டிட் பாடி. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தால் அது மூளைக்குத் தகவல் அனுப்பும். "இன்னும் கொஞ்சம் இழு." அளக்கிறது, திருத்துகிறது, மறுபடி அளக்கிறது. வாழ்நாள் முழுக்க.

10/ எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பது காருக்குக் கரோட்டிட் பாடி வைத்ததுதான். மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை இன்னொன்று. எஞ்சின் சூட்டை இன்னொன்று. சைலன்சர் பக்கம் ஒரு ஆக்சிஜன் சென்சார், எரிந்து மிஞ்சியதை முகர்ந்து பார்க்கும். இதையெல்லாம் வைத்து இசியூ என்கிற பெட்டி, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குப் போடும். வத்தலக்குண்டில் ஒரு கணக்கு, பெருமாள்மலையில் வேறு கணக்கு. டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

11/ ஒரு தவறான நம்பிக்கையையும் உடைத்துவிடுகிறேன். "இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மலையில பவர் குறையாது" என்பார்கள். குறையும். காற்றே 19 சதவீதம் இல்லை என்றால் எந்தக் கம்ப்யூட்டரும் அதை உண்டாக்க முடியாது. இன்ஜெக்‌ஷன் செய்வது, இருக்கிற காற்றுக்குச் சரியான பெட்ரோல் கொடுப்பது. கார்புரேட்டர் வண்டிக்கு இரண்டு நஷ்டம்: காற்றும் இல்லை, கலவையும் கெட்டது. முதல் நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டுவது டர்போ மட்டும்தான். அது காற்றையே அமுக்கி உள்ளே தள்ளுகிறது.

12/ வரலாறும் கொஞ்சம். 1967-இல் போஷ் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் காரில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. 1976-இல் வால்வோ காரில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. நமக்கு அது வீதிக்கு வர 25 வருஷம் ஆனது. 1983-இல் வந்த மாருதி 800 கார்புரேட்டர் வண்டி. 1993-இல் வந்த ஜென்னும் அப்படியே. 2000-ஐ ஒட்டி, புகை விதிகள் இறுகியபோதுதான் எம்பிஎஃப்ஐ என்ற ஸ்டிக்கர் கார்களின் முதுகில் ஏறியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் புது பைக்குகளிலும் கார்புரேட்டர் காலம் பெரும்பாலும் முடிந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸ்காரர்கள்கூட 2011 வரை கார்புரேட்டரை விடவில்லை. காதல் அப்படி.

13/ அந்தக் காதல் தமிழ்நாட்டிலும் உண்டு. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் முழுக்கக் கார்புரேட்டர் காலம்தான். கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் காரையே கட்டினார். லட்சக்கணக்கில் வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அது ரேஸ் பள்ளிக்கூடம். 1995-இல் விமான விபத்தில் அவர் போனார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். ஜெட்டைக் கையில் வைத்து ஊதிப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பக்தி.

14/ ஏன் ட்யூன் செய்கிறவர்களுக்குக் கார்புரேட்டர் பிடிக்கும்? கையில் எடுத்துப் பார்க்கலாம். ஜெட் மாற்ற அரை மணி நேரம். பெட்ரோல் மேனிஃபோல்டிலேயே ஆவியாவதால் உள்ளே போகும் காற்று குளிர்கிறது, அதில் ஒரு சின்ன லாபம். அந்த உறிஞ்சும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் புரியும். ஆனால் ஐட்லிங், பாதி மிதி, முழு மிதி எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்ட மாதிரி. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று இழுக்கும்.

15/ இன்ஜெக்‌ஷனில் ட்யூனிங் என்பது ஒரு அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். 3,000 ஆர்பிஎம்மில் திக்குகிறதா? அந்தக் கட்டத்தை மட்டும் திருத்து, பக்கத்துக் கட்டம் அசையாது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதையும் அதே பெட்டியில் மாற்றலாம். லேப்டாப் வேண்டும், சரியான ஆக்சிஜன் மீட்டர் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். தெரியாத ஆள் கையில் கொடுத்தால் எஞ்சின் அழகாக, எண்களோடு சாகும்.

16/ இனிமேல்தான் என் கணக்கு. ஹவுஸ் சர்ஜனாக மதுரையில் இருந்தபோது என்னிடம் ஒரு 1996 ஜென் இருந்தது. கார்புரேட்டர். சம்பளத்தில் பாதி அதற்குத்தான். பெரிய மெயின் ஜெட் போட்டேன். கேம்ஷாஃப்ட் மாற்றினேன். அதனால் ஐட்லிங் நடுங்கியது, நடுங்காமல் இருக்க மிக்சர் ஸ்க்ரூவையும் தாராளமாகத் திறந்து வைத்தேன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். ரிங் ரோட்டில் அது பறக்கும். லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

17/ மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி. "தம்பி, இது மதுரைக்கே அதிகம். மேல கொண்டாந்தா மூச்சு முட்டிரும்" என்றார். நான் சிரித்தேன். "பவர் வேணும்ல அண்ணே." பிறகு மேல்படிப்பு, கல்யாணம், வேலை. காரை என்னைவிட நாலு வருஷம் இளைய ஒரு நண்பனுக்கு விற்றேன். ட்யூனிங்கையும் சேர்த்து, பெருமையாக விற்றேன்.

18/ சில வருஷம் கழித்து ஒரு மே மாதம். நான் ஊருக்கே திரும்பி வந்து மலையில் வேலை பார்க்கிறேன். நண்பன் போன் பண்ணினான். "அண்ணே, பாப்பாவுக்கு லீவு. உங்க ஊருக்கு வர்றோம். உங்க கார்லதான் வர்றோம்!" அவன், மனைவி, அம்மா, ஆறு வயது மகள். சீசன் நெரிசல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பெருமாள்மலையிலிருந்து செண்பகனூர் வருவதற்குள் வண்டிகள் ஊர்ந்தன, நின்றன, ஊர்ந்தன. மதியத்துக்கு மேல் கோடை மழை. மூடுபனி. குளிர். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியாச்சு.

19/ சாமான் அதிகம். டிக்கி மூடவில்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தான். வந்து சேர்ந்தபோது நாலு பேருக்கும் தலைவலி, குமட்டல். மனைவி வழியிலேயே இரண்டு முறை வாந்தி. பாப்பா பின் சீட்டில் பாட்டி மடியில் நல்ல தூக்கம். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். "காலையில நாலு மணிக்கே எழுப்பிட்டோம்ணே, டயர்டு" என்றான். இங்கே தினம் பத்துப் பேரையாவது இப்படிப் பார்ப்பேன். வளைவு வாந்தி. நானே வாய் திறந்து சொன்னேன்: "காட் ரோடுப்பா. ஒண்ணும் இல்ல."

20/ இருந்தாலும் டாக்டர் புத்தி. பாப்பா விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 96. எங்கள் உயரத்தில் அது நல்ல எண். கீழே 98, 99 காட்டுகிறவர்களுக்கு இங்கே 95 பக்கம் காட்டுவது சாதாரணம். மற்ற மூன்று பேருக்கும் அதேபோல். நிம்மதி. வாந்திக்கு மாத்திரை கொடுத்து, ரூமுக்குப் போய் நல்லாத் தூங்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ரூமில் அந்தக் குழந்தை தூங்கியிருந்தால், காலையில் எப்படி எழுந்திருப்பாள் என்று இன்றும் ராத்திரியில் யோசிப்பேன்.

21/ வண்டி இருமியபடியே வந்ததால் மெக்கானிக் அண்ணனையும் கூப்பிட்டிருந்தான் நண்பன். அவர் வெளியே பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். சாமானை எடுத்து முகர்ந்தார். நேரே உள்ளே வந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, ஓட்டுன பையனுக்குமா வாந்தி?" "ஆமாண்ணே, குமட்டல்." "ஓட்டுறவனுக்கு எங்கயாச்சும் வளைவு வாந்தி வருமா? துணிமணியெல்லாம் புகை நாத்தம். பாப்பாவைத் தூக்கிட்டு மொதல்ல வெளிய வாங்க."

22/ என் உடம்பில் ரத்தம் இறங்கியது. கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் எரியக் காற்று போதாவிட்டால் உண்டாகிற வாயு. நிறம் இல்லை, தனியாக மணமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு உட்கார இடம் இருக்காது. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. அப்புறம் தூக்கம். அப்புறம் எழவே வேண்டாம்.

23/ அப்படியானால் 96? இதுதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு நிற ஒளியை விரலில் பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பு. மெஷினுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான். மூச்சுத் திணறிச் சாகிறவருக்கும் நல்ல எண்ணையே காட்டும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அன்று எண்ணைப் பார்த்தேன், ஓட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை.

24/ குழந்தைக்கு மாஸ்க் போட்டு முழு அளவில் ஆக்சிஜன். மற்றவர்களுக்கும். சாதாரணக் காற்றில் அந்த வாயுவில் பாதி ரத்தத்தை விட்டு வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். நல்ல ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். ரத்தத்தில் அந்த வாயுவை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அளந்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பாப்பா எழுந்து, "மாமா, இதைக் கழட்டுங்க, நாறுது" என்று மாஸ்க்கைத் தள்ளினாள். அந்தச் சிணுங்கலைவிட நல்ல ரிப்போர்ட் நான் பார்த்ததில்லை. பிறகு ஆக்சிஜனோடு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரண்டு நாள் கவனித்தார்கள். நாலு பேரும் நலம். அந்தப் பாப்பா இப்போது காலேஜ் போகிறாள்.

25/ மறுநாள் அண்ணன் வண்டியைத் தூக்கிக் காட்டினார். என் பெருமைக்குரிய ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரில், முன் பக்க ஜாயின்ட் விண்டிருந்தது. மூடாத டிக்கி வழியாகப் புகை உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கிறது. பின் சீட்டுக்குத்தான் அதிகம். ஆனால் விரிசல் எந்தக் காரிலும் வரும். அந்த விரிசலில் வந்தது இத்தனை விஷமாக இருந்ததற்குக் காரணம் வேறு. மதுரைக்கே அதிகமாகப் பெட்ரோல் வைத்த கலவை, மலை மேல் இன்னும் 11 சதவீதம் கூடியது. அந்த ஸ்க்ரூவைத் திறந்தது என் கை. நண்பன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

26/ அப்படியானால் பதில் சுலபம், இன்ஜெக்‌ஷன்தான் என்று முடித்துவிடலாமா? பாதி சரி. அதே இடத்தில் ஒழுங்கான இன்ஜெக்‌ஷன் கார் நின்றிருந்தால் சென்சார் கலவையைத் திருத்தியிருக்கும். சூடான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மிச்ச கார்பன் மோனாக்சைடில் பெரும் பகுதியை எரித்திருக்கும். விரிசல் வழியாக வந்திருந்தாலும் விஷம் ரொம்பக் குறைவு. புள்ளிவிவரம் எல்லாம் வேண்டாம். ஒரு டாக்டராக என் ஓட்டு அதற்குத்தான்.

27/ மீதிப் பாதி இது. இன்று என்னிடம் வருகிற ட்யூனிங் பையன்கள் இன்ஜெக்‌ஷன் காரில் என்ன செய்கிறார்கள்? சத்தத்துக்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்குகிறார்கள். செக் எஞ்சின் லைட் எரிந்தால், ஆக்சிஜன் சென்சார் வயரில் ஒரு சின்னப் பொருளை மாட்டி, எல்லாம் சரி என்று இசியூவை நம்ப வைக்கிறார்கள். பெட்ரோலை அள்ளி ஊற்றிச் சைலன்சரில் பட்டாசு வெடிக்க வைக்கிறார்கள். கரோட்டிட் பாடியை மரத்துப்போக வைத்துவிட்டு மலை ஏறுவது மாதிரி. அந்த இசியூவும் அன்று என் ஆக்சிமீட்டர் காட்டிய 96-ஐத்தான் காட்டும்.

28/ கார்புரேட்டர் காலத்தில் சென்சார் இல்லாமல் இல்லை. அந்த மெக்கானிக் அண்ணன்தான் சென்சார். காது, மூக்கு, பிளக்கின் நிறம், வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் வேறு வேறு ஜெட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் போன வண்டி ஒழுங்காக ஓடியது. நான் செய்தது, அந்த சென்சாரின் பேச்சைக் கேட்காமல் சிரித்தது. கார்புரேட்டர் வைத்திருப்பதில் தப்பில்லை. அப்படி ஒரு மனிதர் பக்கத்தில் இல்லாமல் வைத்திருப்பது தப்பு.

29/ இந்த இழையிலிருந்து வேறு எதுவும் வேண்டாம் என்றாலும் இந்த நாலைந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
ஒரே காரில் அல்லது ஒரே அறையில் இருந்த பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் முதலில் வெளியே வாருங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.
ஓட்டுநருக்கும் குமட்டினால் வளைவு வாந்தி என்று நினைக்காதீர்கள்.
வழக்கத்துக்கு மாறாகத் தூங்குகிற குழந்தையை எழுப்பிப் பாருங்கள்.
ஆக்சிமீட்டர் எண் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். டாக்டரிடம் "புகை இருந்தது" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

30/ டிக்கியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியைச் சூடேற்றாதீர்கள். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி ஏற்றிக் காரில் தூங்காதீர்கள். கொடைக்கானல் வருகிறவர்களுக்கு இன்னொன்றும்: ரூமுக்குள் கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு வைத்துக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். அதே வாயுதான். அந்தச் செய்திகளைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

31/ இனி தம்பிக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட, கையால் பழக, சத்தம் கேட்க என்றால் கார்புரேட்டரை வைத்துக்கொள். நீ ஓட்டும் உயரத்துக்கு ஜெட் போடு. வருஷத்துக்கு இரண்டு தடவை புகையை அளந்து பார். சைலன்சர் ஜாயின்ட்டைத் தூக்கிப் பார். வீட்டாரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற வண்டி என்றால் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்று, இல்லையா இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு வந்த ஜென்னையே வாங்கு. எதை வைத்தாலும் சென்சாரின் கண்ணைக் கட்டாதே. அது இரும்பாக இருந்தாலும் சரி, அண்ணனாக இருந்தாலும் சரி.

32/ அந்த ஜென்னிலிருந்து கழற்றிய பெரிய மெயின் ஜெட்டை அண்ணன் அன்றைக்கே என் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சட்டைப் பட்டன் அளவுகூட இல்லாத பித்தளைத் துண்டு. என் மேசை டிராயரில், ஆக்சிமீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யாருக்காவது விரலில் மாட்டி எண் வந்ததும், ஒரு தடவை டிராயரைப் பார்ப்பேன். அப்புறம் நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன்.

மலைக்குக் கிளம்புகிற யாருக்காவது இதை அனுப்பி வையுங்கள். பத்திரமா ஏறுங்க, பத்திரமா இறங்குங்க.